ஏழு கரண்டி தக்காளி சூப்

அந்தப் பிளம்பருக்குக் கடவுளோடு அதுவரை பெரிய வழக்கு எதுவும் இருந்ததில்லை. கும்பிட வேண்டிய நேரத்தில் கும்பிடுவார். மற்ற நேரத்தில் அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொள்வது என்று ஓர் ஏற்பாடு. ஐம்பது வயதில், ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், ஈயம் வைத்துத் தைத்த கனத்த அங்கியை மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் முதல்முறையாகக் கோபம் வந்தது.

“யாரும்மா இப்படி லைன் போட்டது?” என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் சிரித்துவிட்டார். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. தோள்பையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கரண்டிகள் கலகலக்கும். விழுங்க முடியாமல் போனவர்களுக்கு மறுபடி விழுங்கக் கற்றுத்தருவது அவர் வேலை. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே பிளம்பருக்கு ஒரு மாதமாகத்தான் தெரியும்.

ஒரு தாளில் தலையைப் பக்கவாட்டில் வரைந்து காட்டியிருந்தார் பயிற்சியாளர். மூக்கிலிருந்து வரும் காற்று முன்பக்கக் குழாய்க்குப் போக வேண்டும். வாயிலிருந்து வரும் சாப்பாடு பின்பக்கக் குழாய்க்குப் போக வேண்டும். இரண்டும் தொண்டையில் ஒரே இடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன.

“குடிதண்ணிக் குழாயையும் சாக்கடைக் குழாயையும் ஒரே பள்ளத்துல பக்கத்துல பக்கத்துல போட்டாலே நாங்க ஒத்துக்க மாட்டோம். இங்க ரெண்டும் ஒரே சந்திப்புல குறுக்க போகுது. ஒரு தடவை தப்பினா ஆளே காலி. நான் ஒரு வீட்டுக்கு இப்படிப் போட்டிருந்தா கட்டி வச்சு உதைச்சிருப்பாங்க.”

“அதான் சார் விஷயமே. தப்பறதில்லையே,” என்றார் பயிற்சியாளர். “இதைப் பாருங்க. இது என் தொண்டை. படிக்கிறப்ப எடுத்தது.”

சாம்பல் நிறத் திரையில் ஒரு தாடை எலும்பும் பற்களும் கழுத்தெலும்பு அடுக்கும் தெரிந்தன. வாய்க்குள், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக மருந்து கலந்த கூழ், மைத்துளி மாதிரி கருப்பாக ஓர் உருண்டை. நாக்கு அதை ஏந்திக்கொண்டு நின்றது. அப்புறம் நடந்ததைக் கண் சிமிட்டியிருந்தால் பிளம்பர் தவறவிட்டிருப்பார். நாக்கு உருண்டையைப் பின்னால் தள்ளியது. தொண்டைக்குள்ளிருந்த சின்ன எலும்பு ஒன்று துள்ளி மேலேறி முன்னால் வந்தது. அதன் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாயும் மேலே போய் ஒளிந்துகொண்டது. இலை போன்ற ஒரு மூடி அதன்மேல் கவிழ்ந்தது. மேலே மூக்குக்குப் போகும் வழி அடைபட்டது. கீழே அதுவரை இறுக மூடிக் கிடந்த உணவுக்குழாய் வாயைத் திறந்தது. உருண்டை வழுக்கிக்கொண்டு போயே போய்விட்டது. மறு கணம் எலும்பும் மூடியும் எதுவும் நடக்காத மாதிரி பழைய இடத்தில் நின்றன.

“எவ்வளவு நேரம் இது?”

“ஒரு செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி.”

“மூச்சு?”

“அந்த நேரத்துக்கு நின்னுக்கும். நமக்கே தெரியாது. எச்சில் முழுங்கறதையும் சேர்த்தா ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு தடவை. தூங்கறப்பவும் நடக்கும்.”

போன வருடம் ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் ஐந்து வால்வுகளை வரிசை தப்பாமல் திறந்து மூட, மாடிக்கு ஓர் ஆளை நிறுத்தி, தொண்டை கிழியக் கத்தி, ஒரு பகல் முழுவதும் போய், கடைசியில் தண்ணீர் ஆறாம் மாடிக்காரர் படுக்கையறைக்குள் வந்தது பிளம்பருக்கு நினைவு வந்தது. “இன்னொரு தடவை போடுங்கம்மா,” என்றார். பயிற்சியாளர் போட்டார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஆறாவது தடவைக்குள் கோபம் எங்கேயோ போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கை மட்டும் தானாகப் போய்த் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது.

“இப்ப இவரோடதைப் பார்ப்போம்,” என்றார் பயிற்சியாளர்.

எக்ஸ்ரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் பிளம்பரின் மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுபவன். விடிவதற்கு முன் சந்தையின் இந்தக் கோடியில் அவன் வாயைத் திறந்தால் அந்தக் கோடியில் லாரியிலிருந்து கூடை இறக்குபவன் திரும்பிப் பார்ப்பான். நாற்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், “ஏலத்துல விட்டுப் பார்த்தேன், யாரும் எடுக்கல,” என்பான். அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்துகொண்டு, அக்காவின் சமையலுக்குக் குறை சொல்லிக்கொண்டே மூன்று வேளையும் சாப்பிட்டுவந்தான்.

ஒரு மாதத்துக்கு முன்னால், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் ஏலம் சூடு பிடித்திருந்த நேரத்தில், அவன் குரல் ஓர் எண்ணின் நடுவிலேயே நின்றுபோனது. மூளையின் பின்பக்க அடியில், மிளகளவு இடத்தில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். கை கால் தப்பித்தது. பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்தான். புத்தி அப்படியே இருந்தது. குரல் காற்றாகிவிட்டது, காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். அதைவிடப் பெரியது, விழுங்குவது அடியோடு நின்றுபோனது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் வயிற்றுக்குப் போயிற்று. நாளுக்கு ஆறு தடவை பழுப்பு நிறத்தில் ஒரு பாலை அதில் விட்டார்கள். தன் எச்சிலைக்கூட அவனால் உள்ளே இறக்க முடியவில்லை. கையில் ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் துப்பிக்கொண்டே இருந்தான். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதில் அவனுக்குப் பாதி மட்டும் மிஞ்சியிருந்தது.

திரையில் அவன் தொண்டை தெரிந்தது. கருப்பு உருண்டை நாக்கின் பின்னால் போய் ஒரு குழியில் விழுந்தது. அங்கேயே கிடந்தது. எலும்பு அரைகுறையாக அசைந்தது. கீழ்வாய் திறக்கவில்லை. கருப்பிலிருந்து ஒரு நூல் மட்டும் மெதுவாகப் பிரிந்து, போகக்கூடாத முன்பக்கக் குழாய்க்குள் இறங்கியது. அவன் இருமக்கூட இல்லை.

“இதான் பயம். போறதே இவருக்குத் தெரியல,” என்று பயிற்சியாளர் மெல்லச் சொன்னார்.

பிளம்பர் திரும்பிக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்த நூலைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. தம்பி படுத்த பன்னிரண்டாம் நாள், மத்தியானம், வார்டில் யாரும் இல்லாத நேரத்தில், அவன் நோட்டில் எழுதிக் காட்டினான்: ‘ஒரே ஒரு மடக்கு தண்ணி.’ கொடுக்கக்கூடாது என்று கட்டிலின் தலைமாட்டிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவன் எழுதியதன் கீழே ஒரு கோடு போட்டான். அவள் ஒரு கரண்டி கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இருமல் இல்லை, திணறல் இல்லை, ஒன்றும் இல்லை. சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது. நுரையீரலில் சளி கட்டி, எட்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து மீண்டான். எச்சிலே இறங்கியிருக்கலாம், தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் அதை நம்பவில்லை. புருஷனிடம் மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து தம்பியின் பக்கத்தில் உட்காருவாள், கால் பிடித்துவிடுவாள், தலை சீவிவிடுவாள். கரண்டியை மட்டும் தொடமாட்டாள்.

அடுத்த நாற்பது நாளும் பயிற்சிதான். மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்க வேண்டும். நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு விழுங்கப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் ஐஸ் தண்ணீரில் முக்கிய கரண்டியால் தொண்டையின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு எழுப்புவார். லீவு நாளில் பிளம்பர் வந்து, காலியாயிருந்த பக்கத்துக் கட்டிலில் தானும் படுத்துத் துணைக்குத் தலையைத் தூக்குவார். ஒரு நாள் புதிதாக வந்த நர்ஸ் அவர் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, “உங்களுக்கு எத்தனாவது நாள்?” என்று கேட்டுவிட்டாள். மச்சினன் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, டம்ளரைக் கவிழ்த்துவிட்டான்.

எழுபதாம் நாள் மறுபடி எக்ஸ்ரே. பிளம்பரே கேட்டு வாங்கி அங்கியை மாட்டிக்கொண்டார்.

“நேராப் பார்த்து முழுங்குங்க,” என்றார் பயிற்சியாளர். பாதிதான் திறந்தது. “இப்ப தலையை இடது பக்கம் திருப்புங்க. நல்லா, தோள்பட்டையைப் பாருங்க. முழுங்குங்க.”

எலும்பு எழும்பியது. நின்றது. கீழ்வாய் ஒரு கீற்றளவு திறந்தது. உருண்டையில் முக்கால்வாசி அதன் வழியே போனது. முன்பக்கக் குழாயில் ஒரு பொட்டுக் கருப்பு இல்லை.

“இடது பக்கம் கெட்டுப்போன லைன். தலையைத் திருப்பினா அது நசுங்கி மூடிக்கும். எல்லாம் நல்ல பக்கம் வழியாப் போகும். சரியா?” என்று பிளம்பர் பரபரவென்று கேட்டார்.

“சரியே சரி. நீங்க எங்க வேலைக்கே வந்துடலாம்.”

“வேணாம்மா. கசிஞ்சா எங்க வேலையில தரைதான் ஈரமாகும்.”

வரும் செவ்வாய்க்கிழமை கரண்டியில் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரிக் கூழ் மண் மாதிரி இருக்கும், பிடித்ததாக வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவாருங்கள், ருசி இருந்தால் தொண்டை சீக்கிரம் விழிக்கும் என்றார் பயிற்சியாளர். “என்ன வேணும், சொல்லுங்க.”

மச்சினன் நோட்டை இழுத்து எழுதினான்: ‘வறுத்த கோழி.’

“ஆசை தோசைதான். வேற?”

‘வறுத்த கடலை.’

“உங்களை உயிரோட அனுப்பணும்னு பார்க்கறேன் நான்.”

அவன் யோசித்து எழுதினான்: ‘சரி, நீங்களே கூறுங்க. பிடிச்சா எடுத்துக்கறேன்.’

பயிற்சியாளர் எழுந்து நின்று, கையை உயர்த்தி, “கஞ்சி!” என்றார். அவன் உதட்டைப் பிதுக்கினான். “வாழைப்பழக் கூழ்!” தலையை ஆட்டினான். “பூசணிக்காய் மசியல்!” கண்ணையே மூடிக்கொண்டான். வார்டே வேடிக்கை பார்த்தது. “தக்காளி சூப்!”

அவன் இரண்டு விரலை உயர்த்தினான். சந்தையில் ஏலம் முடிந்தது என்பதற்கு அவன் காட்டும் சைகை அது.

“சூப்புக்கு மூணு சட்டம்,” என்று பயிற்சியாளர் பிளம்பரைப் பார்த்துச் சொன்னார். அவர் மனைவி ஏற்கெனவே ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தாள். “தோல், விதை ஒண்ணுகூட இருக்கக்கூடாது. தண்ணி மாதிரி ஓடக்கூடாது, தேன் மாதிரி இறங்கணும். முக்கியமானது, தண்ணி தனியா கூழ் தனியாப் பிரியக்கூடாது. பிரிஞ்சா தண்ணி முந்திக்கிட்டு ஓடிப்போய்த் தப்பான குழாயில இறங்கிடும்.”

“அதெல்லாம் எனக்குப் புரியுதும்மா. சூப் வைக்கிறதுதான் தெரியாது,” என்றார் பிளம்பர்.

தேநீரைத் தவிர அடுப்பில் அவர் எதையும் செய்து பழகியவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போனார். மச்சினன் நோட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்திருந்தான்: ‘கலரைப் பார்த்து ஏமாறாதீங்க. காம்பு பக்கம் மோந்து பாருங்க. மணம் இல்லாட்டி வேணாம்.’ பிளம்பர் கடை வாசலில் நின்று ஒவ்வொரு தக்காளியாக மூக்கருகே கொண்டுபோனார். கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என்னங்க, பொண்ணு பார்க்க வந்தீங்களா?” என்றாள். பன்னிரண்டாவது தக்காளியில் மணம் இருந்தது. வெயிலில் காய்ந்த இலையைக் கசக்கினால் வருமே, அந்தப் பச்சை மணம். அந்த ரகத்தில் எட்டு எடுத்துக்கொண்டார்.

மனைவி முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடைகளுக்கு அளவு திருத்திக் கொடுப்பது அவள் தொழில். சமையலறைப் பக்கம் வருவதில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் மிஷினின் சத்தம் அவளைக் காட்டிக்கொடுத்தது. அவர் ஒழுங்காகச் செய்தால் கடகடவென்று ஓடும். தப்பாக ஏதாவது செய்தால் சட்டென்று நிற்கும்.

நான்கு தக்காளியை வெட்டி, ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்தார். மிஷின் நின்றது. அவருக்குப் புரியவில்லை. கொதிக்கவைத்து, வடிகட்டி, உப்புப் போட்டு, ஒரு வாய் குடித்தார். துருப்பிடித்த தொட்டியின் அடித்தண்ணீர் மாதிரி இருந்தது. தொழில் முறையில் அந்த ருசி அவருக்குத் தெரியும்.

“என்னங்க,” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. “அதுக்குள்ளேயே தண்ணி இருக்கு. நீங்க வேற எதுக்கு ஊத்தறீங்க?”

மிச்சமிருந்த நான்கு தக்காளியின் அடியில் கத்தியால் குறுக்குக் கோடு கீறி, கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தார். இது அவளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தது. கீறிய இடத்தில் தோல் தானாகச் சுருண்டு மேலே எழும்பியது. நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் முழுத்தோலும் கையோடு வந்தது. உள்ளே இருந்த தக்காளி பிறந்த குழந்தையின் உள்ளங்காலைப் போல் பளபளவென்று, மெல்லிய நரம்போடு இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கொஞ்சம் வெண்ணெயில் ஒரு வெங்காயத்தையும் இரண்டு பல் பூண்டையும் வதக்கினார். தக்காளியைப் போட்டு மூடினார். சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால், காய்ந்த பாத்திரத்தில் விரல்கடை உயரத்துக்குச் சிவப்பாகத் தண்ணீர் நின்றது. “அடேயப்பா,” என்று வாய்விட்டே சொன்னார். இருபத்தாறு வருடமாகத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான் அவர் பிழைப்பு. இந்தத் தண்ணீர் எங்கே இருந்தது? கையில் பிடித்தபோது கெட்டியாகத்தானே இருந்தது?

மசித்துச் சல்லடையில் தேய்த்துத் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி வைத்தார். பத்து நிமிடத்தில் கூழைச் சுற்றி ஒரு வளையமாகத் தண்ணீர் பிரிந்து நின்றது. மூன்றாவது சட்டம் உடைந்தது. தட்டைச் சாய்த்தார், தண்ணீர் முந்திக்கொண்டு ஓடியது.

மிஷின் சத்தமும் நின்றிருந்தது. மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. தட்டையே பார்த்தாள்.

“பாதி உருளைக்கிழங்கு,” என்றாள். “தோல் சீவி, பொடிசா நறுக்கித் தக்காளியோடவே வேக விடுங்க. அது பிடிச்சு வச்சுக்கும்.”

“நீயே வந்து…”

“நான் வரலைங்க.” கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “என் கை வேணாம்.”

அவர் வற்புறுத்தவில்லை. சூப்பைப் பாத்திரத்துக்கே திருப்பிவிட்டு, கிழங்கைப் போட்டு, கரையும்வரை வேகவைத்து, மூன்று தடவை சல்லடையில் தேய்த்தார். தோலும் விதையும் நாரும் மேலே தங்க, கீழே இறங்கியது வேறொரு பொருளாக இருந்தது. தக்காளியின் சிவப்பு இல்லை. அடுப்புத் தணலின் நிறம். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை மிளகுத்தூள். தட்டில் ஊற்றினார். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. வளையம் கட்டவில்லை. கரண்டியைச் சாய்த்தால் யோசித்து யோசித்து இறங்கியது. நாக்கில் வைத்தார். புளிப்பு முதலில் வந்தது. அதன் பின்னாலேயே இனிப்பு. வெண்ணெய் இரண்டையும் சமாதானம் பண்ணிக்கொண்டு வந்தது. அவர் அதில் சர்க்கரை போடவே இல்லை. நான்கு தக்காளி, ஒரு வெங்காயம், பாதிக் கிழங்கு. இவ்வளவுதானா? இது எல்லார் வீட்டிலும் இருக்கிறதே!

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், முந்தின நாளே வாங்கி வைத்த தக்காளியில் புதிதாக ஒரு தடவை வைத்து, ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுபோனார்.

மச்சினன் முகம் மழித்து, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பயிற்சியாளர் ஃபிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிச் சூடு தணியவிட்டார். கரண்டியைச் சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். “யாரு வச்சது?”

“நான்தான்,” என்றார் பிளம்பர், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி.

“நல்லா இருக்கு சார்.”

கரண்டி நுனியில் கால் பங்குதான் எடுத்தார். “அவசரமே இல்ல. வாயில வச்சுக்கோங்க. ருசி பாருங்க. இடது பக்கம் திரும்புங்க. நான் சொல்றப்ப முழு பலத்தோட.”

உதடு மூடியது. மச்சினனின் கண் விரிந்தது. எழுபத்தைந்து நாளாக அந்த வாயில் பற்பசையைத் தவிர வேறு ருசி எதுவும் பட்டதில்லை. அவன் இடது பக்கம் திரும்பினான்.

“இப்ப.”

தொண்டை எலும்பு எழும்பியது. பாதியில் நடுங்கியது. இறங்கிவிட்டது. அவன் டம்ளரில் துப்பினான். சிவப்பாக விழுந்தது. வார்டில் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது; அது தன் மூச்சுதான் என்று பிளம்பருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. மனைவி கதவோரத்தில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பரவாயில்ல. வாசல் எங்க இருக்குன்னு அதுக்கு இப்ப ஞாபகம் வந்திருக்கும். இன்னொரு தடவை.”

மறுபடி கால் கரண்டி. மறுபடி இடது பக்கம். “இப்ப!”

எலும்பு எழும்பியது. மேலே போனது. நின்றது. அந்த நிற்பு பிளம்பருக்கு ஒரு முழு நாளாகத் தோன்றியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கழுத்தும், மழித்த தோலும், ஒரு நரம்பும்தான். ஆனால் அவர் திரையைப் பார்த்தவர். உள்ளே என்னென்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தவர். மூடி கவிழ வேண்டும், மூச்சு நிற்க வேண்டும், மேல்வழி அடைபட வேண்டும், கீழ்வாய் திறக்க வேண்டும், ஒன்று பிந்தினாலும் போச்சு. கத்திச் சொல்ல மாடிக்கு மாடி ஆள் இல்லை. அவர் கை கூப்பியிருந்தது. எப்போது கூப்பினார் என்று தெரியாது.

எலும்பு நிதானமாக இறங்கியது.

“ஆ சொல்லுங்க,” என்றார் பயிற்சியாளர்.

“ஆ…” காற்றுக் குரல். காய்ந்த குரல். அதில் ஈரம் இல்லை, தப்பான குழாயில் இறங்கியிருந்தால் கேட்கும் களகளப்பு இல்லை.

“வாயைத் திறங்க.” நாக்கு சுத்தமாக இருந்தது. பயிற்சியாளர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. தொழில் அவருக்கு, தினம் பார்ப்பவர். இருந்தும் கலங்கியிருந்தது.

மச்சினன் கையைத் தூக்கித் தொண்டையிலிருந்து நெஞ்சுக்குழிவரை மெதுவாகக் கோடு இழுத்தான். பிளம்பர் குனிந்து அவன் வாயருகே காதை வைத்தார்.

“சூடு மாமா,” என்றான். “சூடா இறங்குது. இங்க வரைக்கும் தெரியுது.”

குழாயில் விடும் பாலுக்குச் சூடும் இல்லை, ருசியும் இல்லை, வந்தது போனதும் தெரியாது. பிளம்பர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“அக்கா இங்க வாங்க,” என்று பயிற்சியாளர் கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“நான் கொடுக்க மாட்டேம்மா.”

“கொடுக்க வேணாம். கரண்டி என்கிட்டதான் இருக்கும். கையை மட்டும் கொடுங்க.”

அவள் வந்தாள். பயிற்சியாளர் அவள் இரண்டு விரலைப் பிடித்துத் தம்பியின் தொண்டையில் மெல்ல வைத்தார். தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரல்கள். மூன்றாவது கரண்டி. இடது பக்கம். “இப்ப.”

அவள் விரலுக்கடியில் அந்த எலும்பு ஏறி, நின்று, இறங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை. முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால், வயிற்றில் பிள்ளை முதல் தடவை அசைந்தபோது தையலை நிறுத்திவிட்டு அவள் இப்படித்தான் எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிளம்பர் அந்த முகத்தை மறுபடி பார்த்தது அன்றுதான்.

“போகுதுங்க,” என்றாள். “உள்ள போகுது.”

நான்கு. ஐந்து. ஆறாவதில் பாதி வெளியே வந்தது. துப்பி, ஓய்வெடுத்து, மறுபடி. ஏழாவது கரண்டி போனதும் பயிற்சியாளர் கிண்ணத்தை மூடிவிட்டார். மொத்தம் நாற்பது நிமிடம். மச்சினன் மூட்டை தூக்கியவன் மாதிரி வியர்த்துப் போய்ச் சாய்ந்தான். அதற்குள் நோட்டை எடுத்து எழுதினான்: ‘புரையேறினா யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்வாங்க. இன்னிக்கு ஒருத்தரும் நினைக்கல போல.’

“நாங்க எல்லாரும் எதிர்லயே உட்கார்ந்திருக்கோம். தனியா வேற நினைக்கணுமாடா?” என்றாள் அக்கா.

ஃபிளாஸ்கில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. புருஷனும் மனைவியும் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அதைக் குடித்தார்கள். பிளம்பர் ஒரு வாய் எடுத்தார். வாயில் வைத்துக்கொண்டே யோசித்தார். இப்போது நாக்கு ஏந்தியிருக்கிறது. இப்போது தள்ள வேண்டும். எதை முதலில்? யோசித்த நேரத்தில் விழுங்க வரவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு முழித்தார்.

“என்னாச்சு?” என்று மனைவி பயந்துவிட்டாள்.

அவர் கை காட்டி அவளைத் தடுத்து, யோசிப்பதை விட்டார். அது தானாகப் போனது. “ஒண்ணுமில்ல,” என்றார். “நாம செய்யறோம்னு நினைச்சா நடக்க மாட்டேங்குது.”

வராந்தாவில் எதிரே ஒரு பெண் செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டே ரொட்டி தின்றாள். காவலாளி ஒருவர் அண்ணாந்து பாட்டிலிலிருந்து மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்தார். பெஞ்சுக் கோடியில் தாயின் மடியில் ஒரு குழந்தை தூக்கத்திலேயே எச்சில் விழுங்கியது. எட்டு மாடிக் கட்டடத்தில் ஒரு பகல் முழுக்க நின்றும் நடக்காத காரியம் இங்கே கழுத்துக்குக் கழுத்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தது. பிளம்பர் வாய் பிளந்து அவர்கள் எல்லாருடைய தொண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். காவலாளி பாட்டிலை இறக்கி, “என்ன சார், தண்ணி வேணுமா?” என்றார்.

மூக்குக் குழாயை எடுக்க இன்னும் ஆறு வாரம் ஆயிற்று. குரல் பாதிதான் திரும்பியது. ஏலம் கூற அது பற்றவில்லை. சந்தையில் சரக்குத் தரம் பார்க்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். அதற்கு மூக்கு போதும். ஒவ்வொரு வாய்க்கும் தலையை இடது பக்கம் திருப்பித்தான் விழுங்க வேண்டும், அது ஆயுளுக்கும் மாறாது என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பினார். வெளியில் சாப்பிட்டால் எதிரே இருப்பவர்கள் தங்களை மதிக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறார்கள் என்பது அவன் குறை.

வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. சாப்பாட்டு மேசையில் அக்கா அவனுக்கு இடது கைப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள். ஒவ்வொரு வாய்க்கும் அவன் அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பி, விழுங்கி, மறுபடி தட்டுக்குத் திரும்புகிறான். அவளும் அந்த நேரத்துக்குக் கையை நிறுத்திக்கொள்கிறாள். பிளம்பர் எதிரே உட்கார்ந்து, எடுத்த கவளம் கையிலேயே இருக்க, பார்த்துக்கொண்டிருப்பார்.

“மாமா,” என்றான் மச்சினன் ஒரு நாள், அந்தப் பாதிக் குரலில். “என் கழுத்துல என்ன படமா ஓடுது? சாப்பிடுங்க, ஆறிடும்.”

“சாப்பிடறேன், சாப்பிடறேன்,” என்று அவர் தட்டைப் பார்த்துக் குனிந்தார். அவன் அடுத்த வாயை எடுத்து அக்கா பக்கம் திரும்பியதும் மறுபடி நிமிர்ந்தார்.